அக்கா போட்ட கோடும் அக்கா போடாத கோடும்

ஆண்டவருக்குத் தோத்திரம். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், பங்கு மக்களுக்கும், அக்காவிடம் படித்த பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

இதை எழுதச் சொல்லி அக்கா என்னிடம் கேட்டது, அவர் நடமாடிக்கொண்டிருந்த காலத்தில். "நீ எழுதுடா தம்பி. நான் எழுதுனா கட்டுரை ஆயிடும், யாரும் படிக்க மாட்டாங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டேன். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறைக்குப் போனவன் நான். பேனா பிடித்து எழுதியதெல்லாம் பட்டறையில் லீவு கேட்டு எழுதியதுதான். அது ஒரு காரணம். எழுத வேண்டிய சங்கதி நினைவு மலரில் போடுகிற மாதிரியான சங்கதியும் இல்லை. "போன மனுஷியப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க. வர்றவங்கள பயமுறுத்தாதீங்க" என்று என் மனைவி இப்போதும் சொல்கிறாள். செபித்துப் பார்த்தேன். எழுதாமல் இருக்கத்தான் பயமாக இருந்தது. சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒன்று நடந்தது. அது நடக்காமல் இருந்திருந்தால் இன்னும் தள்ளிப்போட்டிருப்பேன்.

அக்கா பிறந்தது மயிலாப்பூரில், கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே. அப்பா மாதா கோவிலில் உபதேசியார். சிறு பிள்ளைகளுக்குச் செப மந்திரம் சொல்லிக்கொடுப்பதும், சாமியார் இல்லாத நாளில் அடக்கத்துக்குச் செபம் சொல்வதும் அவர் வேலை. நான் அரைக்கால் சட்டை போடும் வயதில் அம்மா காசநோயில் போய்விட்டார்கள். அன்றிலிருந்து வீடு அக்கா கையில். காலைப் பூசைக்கு அப்பாவை எழுப்பி அனுப்பி, உலை வைத்து, என் தலையைத் தண்ணீர் தொட்டு வாரிவிட்டு, அதற்குப் பிறகு கல்லூரிக்குப் பஸ் பிடிப்பார். ஒரு நாளும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "எனக்கும் மேப்புக்கும் கோவில்ல கல்யாண ஓலை வாசிச்சாச்சு, யாருக்கும் தடை இல்ல" என்று சிரித்துத் தட்டிக்கழித்தார். அப்பா மட்டும் சிரிக்க மாட்டார்.

அக்கா படித்ததும் பிறகு கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததும் புவியியல். ஆறு பெயரும் மலை பெயரும் மனப்பாடம் செய்கிற படிப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். மனிதனுக்கும் அவன் நிற்கிற மண்ணுக்கும் என்ன உறவு என்று ஆராய்வதும் அந்தப் படிப்புக்குள் இருக்கிறது என்று அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த உறவை எந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்பதில் பெரியவர்கள் பலமுறை மனம் மாறியிருக்கிறார்களாம். அக்காவும் மாறினார். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். தப்பிருந்தால் அக்காவிடம் படித்த பிள்ளைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரி நூலகத்தில் இருந்த பழைய புத்தகங்கள், மண்ணும் வெயிலும்தான் மனிதனை ஆக்குகின்றன என்று சொல்லினவாம். குளிர் நாட்டுக்காரன் உழைப்பாளி, வெயில் நாட்டுக்காரன் சோம்பேறி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பாயில் படுத்திருந்த என்னை அக்கா காலால் தட்டினார்.

"டேய், நீ இப்டித் தூங்கறதுக்குக் காரணம் கண்டுபிடிச்சிட்டாங்க. வெயிலாம்."

"பாத்தியா? அப்ப என்ன எழுப்பாத" என்றேன்.

"அதே வெயில்லதான நானும் கீறேன்? பாத்திரம் தேய்க்க வாடா, சோம்பேறி."

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அக்கா அதைச் சிரிப்போடு விடவில்லை. மண் பல வழிகளைக் காட்டும், எந்த வழியில் போவது என்பது மனிதன் கையில் என்று பின்னால் வந்தவர்கள் எழுதியதைத் தேடிப் படித்தார். அதற்கும் பிறகு கம்ப்யூட்டர் காலம் வந்தது. வானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து, எங்கே ஏரி இருந்தது, எங்கே வீடு வந்தது என்று வண்ணம் வண்ணமாகப் பிரித்துப் பார்க்கும் வேலையில் அக்கா பல வருடம் இருந்தார். ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர் குடியிருந்த சின்ன வீட்டில், சுவர் நிறைய அந்தப் படங்கள்தான். நடுவில் ஒரு இருதய ஆண்டவர் படம்.

நான் வேளச்சேரியில் தரைத்தளத்தில் வீடு பார்த்தபோது, அக்கா அந்தப் படங்களில் ஒன்றின் மேல் விரலை வைத்தார். விரல் வைத்த இடம் முழுக்க நீலம்.

"இது இன்னாது?" என்றேன்.

"உன் வீடு" என்றார்.

நான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல ஒரு மனுஷன் கூட இல்லியே அக்கா. நாங்க எங்க போறதாம்?" என்றேன். சும்மா சொன்ன வார்த்தை. அக்கா அதைப் பல காலம் திரும்பத் திரும்பச் சொன்னார். மயிலாப்பூரில் இடம் கிடைக்காதவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்த தெரு அது. நாங்களும் வந்து சேர்ந்தோம். பங்குத்தந்தை வந்து வீட்டை மந்திரித்துக் கொடுத்தார்.

முதல் வெள்ளம் வந்தது. சென்னையில் இருக்கும் யாருக்கும் அதை நான் விவரிக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டுக்குள் தொடையளவு தண்ணீர் நின்றது. தெருவில் உயிர்ச்சேதம் இல்லை, சாமானோடு போயிற்று. தண்ணீர் வடிந்த சில நாளில் அக்கா பறக்கும் ரயிலில் வந்து இறங்கினார். கையில் அளவு நாடா, ஒரு டப்பா நீலப் பெயிண்ட், ஒரு தூரிகை.

"இனிமே படத்த வெச்சிக்கினு ஒக்காந்திருக்க மாட்டேன். ஜனங்களக் கேக்கணும்" என்றார்.

வீடு வீடாகப் போனார். தண்ணீர் எதுவரை வந்தது, எப்போது வந்தது, அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டார். கறை இருந்த இடத்தில் கறையைப் பார்த்தும், கறை போன இடத்தில் வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டும், சுவரில் நீலக் கோடு போட்டார். எங்கள் வீட்டில், எதிரே ஆட்டோ ஓட்டும் குமார் வீட்டில், முனையில் இருக்கும் அண்ணாச்சி மளிகைக் கடையில், தெரு முழுக்க. தண்ணீர் எப்படி வந்தது என்பதை ஜனங்கள் வாயாலேயே எழுதியது அதுதான் முதல் தடவை என்று கல்லூரியில் அக்காவைப் பாராட்டினார்களாம். அக்கா முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கோடு வந்த பிறகு தெரு மாறியது. முதலில் நல்ல மாற்றம் என்றுதான் நினைத்தோம். அண்ணாச்சி கோட்டுக்கு மேலே பலகை அடித்து அரிசி மூட்டையை ஏற்றினார். பிளக் பாயின்ட் எல்லாம் கோட்டுக்கு மேலே ஏறின. ஃப்ரிஜ் ஸ்டாண்டில் ஏறியது. கட்டில்களுக்குக் கீழே ஹாலோ பிளாக் வந்தது. என் மனைவி மாதா சுரூபத்துக்கு ஒரு பலகை அடிக்கச் சொன்னாள். நான்தான் அடித்தேன், கோட்டுக்கு ஒரு சாண் மேலே. எல்லாரும் ஒரு சாண்தான் விட்டார்கள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியாது. ஆயுத பூசையன்று குமார் ஆட்டோவுக்குப் பொட்டு வைத்துவிட்டு, மீதிச் சந்தனத்தைக் கோட்டிலும் வைத்தார். அதற்கு அடுத்த வருடம் தெருவே வைத்தது. வீடுகளில் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியத்துப் பெண் ஒருவர் கோட்டுக்குக் கீழே மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போனார்.

அக்கா அதைப் பார்த்துச் சிரித்தார். "என்னடா இது, எனக்கே மாலை போடுவாங்க போல." அந்தச் சிரிப்பு ஒரு மழைக்காலம்தான் இருந்தது. தெருவை உயர்த்திப் போட்டார்கள். வீடுகள் எல்லாம் பள்ளத்துக்குப் போயின. கால்வாய்ப் பக்கம் ஒரு அடுக்குமாடி வந்தது, அதற்கு நீளமாக ஒரு மதில். அக்கா அந்த மதில் ஓரமாக இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து பார்த்துவிட்டு வந்து, என் வீட்டில் காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, அந்தக் கோடு பழசாயிடுச்சுடா."

"வேணும்னா வேற பெயிண்ட் அடிச்சிடலாம் அக்கா."

"பெயிண்ட் இல்லடா. தண்ணி போற வழியே மாறிப்போச்சு. கோடு மட்டும் அங்கியே நிக்குது."

அன்றே கடைக்குப் போய் அண்ணாச்சியிடம் சொன்னார். அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அக்காவிடம் மிகுந்த மரியாதை உள்ளவர். "அம்மா, நீங்க படிச்சவிய. நீங்க போட்ட கோடு தப்பாவுமா? சும்மா பயப்படாதீய" என்று சொல்லி, அக்கா கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து அனுப்பினார்.

இரண்டாவது வெள்ளம் வந்த நாளை எழுதத்தான் எனக்கு இத்தனை காலம் கை வரவில்லை.

முந்தைய நாள் பிடித்த மழை விடவில்லை. காலையில் நான் பட்டறைக்குப் போகவில்லை. ரயில் ஓடிக்கொண்டிருந்தபோதே அக்கா கிளம்பி வந்துவிட்டார், புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. வீட்டுக்குள் வரவில்லை. நேராக எதிரே குமார் வீட்டுக்குப் போனார். குமாரின் அப்பாவுக்கு முதல் வெள்ளத்துக்குப் பிறகு பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். பேச்சு போய்விட்டது, கண் மட்டும் எல்லாரையும் பார்க்கும். அவருடைய மரக்கட்டிலை ஹாலோ பிளாக் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள், கோட்டுக்கு ஒரு சாண் மேலே. அவர் தலைக்குப் பக்கத்துச் சுவரில் அந்த நீலம். நானும் அக்காவின் பின்னால் போய் நின்றேன்.

"குமாரு, அப்பாவ எங்க மாடிக்குத் தூக்கிடலாம்ப்பா. இப்பவே. தம்பி கீறான், நீ கீற, நானும் ஒரு கை பிடிக்கறேன்."

"இன்னாக்கா நீ, காலங்காத்தால பீதியக் கெளப்பறே? அவர அசைச்சா வலில தொண்டை கிழியக் கத்தறாரு. முதுகெல்லாம் புண்ணு. கட்டிலு கோட்டுக்கு மேல கீது பாரு."

"அது போன தடவ தண்ணி வந்த எடம்ப்பா. இந்தத் தடவ எங்க நிக்கும்னு அதுக்குத் தெரியாது."

"அதுக்குத் தெரியாது, சரி. உனுக்குத் தெரியும்ல? சொல்லு, எவ்ளோ வரும்?"

அக்கா பொய் சொல்லத் தெரியாதவர். "எனக்கும் தெரியாது" என்றார்.

குமார் சிரித்துவிட்டார். கெட்ட மனதோடு இல்லை. "அப்ப உன்னிய வுட கோடே தேவல அக்கா" என்றார்.

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அக்கா வெளியே வந்தார். எங்கள் வாசற்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் மனைவியின் கையிலிருந்து துருவியை வாங்கினார். எங்கள் வீட்டு வெளிச்சுவரில் இருந்த கோட்டைச் சுரண்டத் தொடங்கினார். பெயிண்ட் உதிரவில்லை. சந்தனம்தான் உதிர்ந்தது. மழையில் நின்று சுரண்டிக்கொண்டே இருந்தார். கடை வாசலில் இருந்து பார்த்த அண்ணாச்சி ஓடி வந்து அவர் கையைப் பிடித்தார்.

"அம்மா, அதத் தொடாதீய. அதுதான் எங்களுக்குக் காவல்."

"காவல் இல்ல அண்ணாச்சி! அது வெறும் பெயிண்ட்! நான் போட்டது!"

"நீங்க போட்டதுதாம்மா. இப்போ அது தெருவோடது" என்றார் அண்ணாச்சி.

துருவி அக்கா கையிலிருந்து விழுந்தது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அக்காவுக்கு மனது சரியில்லை என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது.

மதியத்துக்கு மேல் தண்ணீர் வீடுகளுக்குள் வந்தது. எங்களைப் போலத் தரைத்தளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கள் கட்டட மாடிப்படியில் ஏறப் போனோம். படிக்கட்டுக் கேட்டுக்குப் பூட்டு. சாவி மேல்மாடி வீட்டுக்காரரிடம். அவர் வந்து திறக்கும் வரை இடுப்புப் புடவையை ஏற்றிப் பிடித்துக்கொண்டு பெண்கள் தண்ணீரில் நின்றார்கள். என் மனைவி மாதா சுரூபத்தைப் பலகையிலேயே விட்டுவிட்டு வந்தாள், கோட்டுக்கு மேலேதானே என்று. குமார் தன் அப்பாவோடு வீட்டிலேயே இருந்தார்.

தண்ணீர் ஏறிக் கோட்டைத் தொட்டது. தொட்டு, நின்றது.

நான் சொல்வது சத்தியம். நின்றது. படியில் நாங்கள் செபமாலை சொல்லத் தொடங்கினோம். முடிக்கும் வரை எங்கள் சுவரில் கோட்டை விட்டு அசையவில்லை. "நின்னுடுச்சு! நின்னுடுச்சு!" என்று சத்தம். அண்ணாச்சி கும்பிட்டார். எதிர் ஜன்னலில் இருந்து குமார் கையை ஆட்டி, "இன்னாக்கா, பாத்தியா உன் கோட்ட?" என்று கத்தினார். நான்கூட அக்காவைப் பார்த்துச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை, மதில் இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குமாரு, இப்ப தூக்கிடுப்பா. இப்ப முடியும். கெஞ்சிக் கேக்கறேன்" என்று குரல் போகிற வரைக்கும் கூப்பிட்டார். குமார் கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனார். டீ போடப் போனார் என்று பிறகு சொன்னார்.

பிறகு தண்ணீர் ஏறியது. மெதுவாக இல்லை. மதிலின் ஒரு பகுதி சரிந்து, அந்தப் பக்கம் தேங்கியிருந்ததெல்லாம் ஒன்றாக வந்தது என்று பின்னால் தெரிந்தது. கோடு எந்தப் பக்கம் இருந்தது என்றே தெரியாமல் போயிற்று. குமார் அலறியது கேட்டு நான் இறங்கினேன். நெஞ்சுக்குத் தண்ணீர். தெருவைக் கடக்க ஆட்டோவின் கூரையைப் பிடித்துக்கொண்டு போனேன். உள்ளே மரக்கட்டில் மிதந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இரண்டு பேரும் அவரைத் தேடி எடுத்தோம். தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு வந்தோம். அக்கா அவர் நெஞ்சில் கை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு அழுத்துவதை நிறுத்திவிட்டு, அவர் நெற்றியில் கை வைத்து, சத்தமில்லாமல் செபித்தார்.

அவர் இந்து. அடக்கமும் காரியமும் அவர்கள் முறைப்படி நடந்தன. அக்கா எல்லாவற்றுக்கும் போனார், கூட்டத்தின் கடைசியில் நின்றார். குமார் மொட்டைத் தலையோடு அவரிடம் வந்து, "நீ இன்னாக்கா பண்ணுவே? நீ சொல்லத்தான் சொன்னே. நீ இன்னா சாமியா?" என்றார். திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து அக்கா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதைத்தான் எழுதச் சொன்னார்.

"மொதல்ல, மண்ணு மனுஷன இன்னா பண்ணுதுன்னு படிச்சேன்டா. அப்புறம், மனுஷன் மண்ண இன்னா பண்றான்னு வானத்துல இருந்து பாத்தேன். அப்புறம் கீழ எறங்கி வந்து ஜனங்களக் கேட்டேன். இதுதான் சரின்னு நெனச்சேன். ஆனா கேக்க வந்தவ வெளிய நிக்கறா, பாக்கறா, எழுதறா, போயிடறான்னு நெனச்சேன் பாரு, அதான் தப்பு. நான் வந்து போனதுக்கப்புறம் இந்தத் தெரு பழைய தெரு இல்ல. நான் தண்ணிய அளந்தேன். என் கோடு ஜனங்கள இன்னா பண்ணும்னு அளக்கவே இல்ல. அவங்களுக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு பயம் இருந்திச்சுடா. அதான் அவங்கள மாடிக்கு ஏத்திச்சு. அந்தப் பயத்த நான் எடுத்துட்டேன்."

அதற்குப் பிறகு அக்கா அளவு நாடாவைத் தொடவில்லை. வகுப்பில் அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் குமாரின் அப்பாவைப் பற்றியும் சொன்னார் என்று அவரிடம் படித்த பிள்ளைகள் சொன்னார்கள். ஓய்வு பெற்றதும் எங்கள் கட்டடத்தின் முதல் மாடிக்கே குடிவந்தார். சாயங்காலம் தெருவில் போகிற வருகிறவர்களை நிறுத்திக் கேள்வி கேட்பார். பழைய கேள்வி இல்லை. "மழை வந்தா யார மொதல்ல தூக்குவீங்க? எந்த மாடிக்கு? சாவி யார் கையில?" அவ்வளவுதான். பதில் வரும் வரை விட மாட்டார். மேல்மாடி வீட்டுக்காரரோடு பேசிப் பேசி, மழை மாதங்களில் படிக்கட்டுக் கேட்டைப் பூட்டுவதில்லை என்று ஒத்துக்கொள்ள வைத்தார். "திருடன் வந்தா இன்னா பண்றது டீச்சர்?" என்று அவர் கேட்டதற்கு, "திருடன் ஒருத்தன் வருவான். தண்ணி எல்லார் வீட்டுக்கும் வரும்" என்றார்.

அண்ணாச்சி ஒருமுறை கேட்டார்: "அம்மா, பழசு தாழ்வாப் போச்சு. ஒசரத்துல இன்னொண்ணு போட்டுத் தாங்களேன். மனசுக்கு ஒரு பிடிமானம் வேணும்லா?"

"பிடிமானம் வேணும்னா மாடிப்படிக் கைப்பிடி கீது அண்ணாச்சி, அதப் புடிங்க. இன்னொரு கோடு நான் போட மாட்டேன். என் உசுரு போனாலும் போட மாட்டேன்."

இதைச் சொல்லும்போது நானும் என் மனைவியும் கடையில் நின்றிருந்தோம். குமாரும் இருந்தார். நான்கு பேர் சாட்சி.

கடைசி வருடத்தில் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்தில் சில நாள் அடையாறு பக்கம் டயாலிசிஸுக்குப் போக வேண்டும். நாளெல்லாம் சேர்த்து ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். நர்ஸம்மா பாட்டிலில் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். அக்கா அந்தப் பாட்டிலை என்னிடம் தூக்கிக் காட்டி, "பாத்தியாடா, எனக்கும் போட்டுட்டாங்க" என்று சிரித்தார். பிறகு, "இதையும் தாண்டிடுவேன் பாரு" என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

சாமியார் வந்து எண்ணெய் பூசிச் செபிக்க, அவஸ்தைபூசுதல் பெற்றுக்கொண்ட பிறகு, நல்ல நினைவோடு இருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, "மழையா?" என்றார்.

"இல்லக்கா, வெயில் அடிக்குது."

"படிக்கட்டு கேட்டு தெறந்திருக்கா, பாத்துட்டு வா."

பார்த்துவிட்டு வந்து, திறந்திருக்கிறது என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு பேசவில்லை. மறுநாள் காலைப் பூசை மணி அடிக்கும் நேரத்தில் ஆண்டவர் அழைத்துக்கொண்டார்.

இனி, சென்ற மாதம் நடந்தது.

முதலாண்டு நினைவு நெருங்குகிறது என்று தெரு இளைஞர்கள் கூடிப் பேசினார்கள். அன்புதான் காரணம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் பட்டறையிலிருந்து திரும்பி வந்தபோது தெரு முழுக்க ஒரு புதுக் கோடு. அதே நீலம். என் தோள் உயரத்தில், இரண்டாவது வெள்ளம் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் மேலே. எங்கள் வீட்டு வாசலில் கோட்டுக்கு மேல் ஒரு சிலுவையும், "அக்கா நினைவாக" என்ற எழுத்தும். அண்ணாச்சி கடையில் பலகை மேலே ஏறிவிட்டது, புதுக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே. எல்லாரும் மறுபடியும் ஒரு சாண்தான் விட்டிருக்கிறார்கள்.

கேட்டால், அக்கா போட்டதுதான் என்கிறார்கள். சாவதற்கு முன் அளந்து வைத்துவிட்டுப் போனாராம். எங்கள் சொந்தத்திலேயே ஒரு அத்தை ஃபோனில், "மாதா கனவுல வந்து காட்டுனாங்களாமே?" என்று என்னிடமே கேட்டார்கள். குமார் மட்டும் தன் வீட்டுச் சுவரில் போட விடவில்லை. தூரிகையோடு வந்தவர்களிடம், "எங்க அப்பனோட போச்சு அது. போய்க்கினே இரு நைனா" என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கிறார். தெருவில் அந்த ஒரு வீட்டில்தான் நீலம் இல்லை. நானும் என் வீட்டு வாசலில் இருப்பதை அழிக்கப் பார்த்தேன். சிலுவையைச் சுரண்டாதே என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். சிலுவையை விட்டுவிட்டுக் கோட்டை மட்டும் அழித்தேன். காலையில் பார்த்தால் மறுபடியும் போட்டிருந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு நன்றி சொல்கிறேன். அக்காவுக்கு நற்கருணை கொண்டுவந்து கொடுத்த பங்குத்தந்தைக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த அன்பியத்துச் சகோதரிகளுக்கும், ஊசி குத்தும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்ட அந்த நர்ஸம்மாவுக்கும், அடக்கத்தன்று பெட்டியைத் தோளில் சுமந்த அவருடைய மாணவர்களுக்கும், பந்தலுக்கும் நாற்காலிக்கும் ஓடியாடிய அண்ணாச்சிக்கும், ஒரு டயாலிசிஸ் நாளும் தவறாமல் அக்காவைத் தன் ஆட்டோவில் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு போய், முடியும் வரை வாசலில் காத்திருந்த குமாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. புதுக் கோடு போட்ட இளைஞர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மெழுகுவத்தி ஏற்றுவதென்றால் கோவிலில் அக்காவின் ஆன்மாவுக்காக ஏற்றுங்கள். சுவரில் இருக்கும் பெயிண்டுக்கு ஏற்றாதீர்கள். காவல் வேண்டுமென்றால் ஆண்டவரைக் கேளுங்கள். கேட்டுவிட்டு மாடிக்கு ஏறுங்கள்.

மழை மாதம் பிறந்துவிட்டது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் மனைவி வெளியே போய்விட்டு வந்து, படிக்கட்டுக் கேட்டில் பூட்டுத் தொங்குகிறது என்றாள். மேல்மாடி வீட்டுக்காரரைக் கேட்டேன். "அதான் ஒசரமா கோடு போட்டாச்சே சார், இனிமே இன்னா பயம்?" என்றார்.

ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் இதைச் சொல்லுங்கள். முதல் கோடு அக்கா போட்டது. அது தண்ணீர் வந்த இடம், நிற்கும் இடம் அல்ல. இரண்டாவது கோடு அக்கா போடவில்லை. கேட்டபோது மாட்டேன் என்றார். கனவு இல்லை, அற்புதம் இல்லை. தண்ணீர் எவ்வளவு வரும் என்று கேட்டதற்கு, எனக்கும் தெரியாது என்றார். அக்கா பேரில் இருக்கும் அன்பால் ஒரு வார்த்தை கூட்டிவிடாதீர்கள். எங்கள் மேல் இரக்கப்பட்டு ஒரு வார்த்தை குறைத்தும் விடாதீர்கள். இங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள்.